முன்னாள் படைவீரர்களுக்கான தற்கொலைத் தடுப்பு: சக தன்னார்வலர் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படையில் பணியாற்றித் திரும்பியவர்களையே தன்னார்வலர்களாகப் பழக்க நினைக்கும் சங்கங்களும் குழுக்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பதில்களின் நீளம் ஒரே சீராக இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றை விரித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கே இப்போது தற்கொலை எண்ணம் இருக்கிறது. என்ன செய்ய?

மற்றதையெல்லாம் அப்புறம் படிக்கலாம். உடனே யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, "தனியா இருக்க முடியல, வா" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. ஆயுதமோ மாத்திரையோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அழைக்க வேண்டிய உதவி எண்கள்: இந்தியாவில் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான தனிப் பிரிவில் பேசுவார்கள்.

மருத்துவர்களும் கவுன்சலர்களும் இருக்கும்போது சக தன்னார்வலர் எதற்கு?

ஆபத்தில் இருப்பவர் பெரும்பாலும் மருத்துவரிடம் போவதில்லை. அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் கணக்குப்படி 2022இல் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்த ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ அத்துறையின் மருத்துவச் சேவையை எட்டிப் பார்க்காதவர்கள். உலகிலேயே பெரிய படைவீரர் மருத்துவ அமைப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் நாட்டின் நிலைமையே இது. ஆனால் அப்படிப் போகாதவர்களும் பழைய பட்டாளத்து நண்பனின் போனை எடுப்பார்கள்.

யோசனை புதிதல்ல. 1970இல் நியூயார்க்கில், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழுக்களைத் தாங்களாகவே தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் அங்கே விருந்தாளிகளாகத்தான் வந்தார்கள். கனடா 2001இல் தன் படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் சக ஆதரவுத் திட்டம் ஒன்றை அரசுத் திட்டமாகவே ஏற்படுத்தியது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, பயிற்சி முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். ஒரே சீருடை போட்டவர் என்பதால் கதவு திறக்கிறது. அதே சீருடை "நாமெல்லாம் இதுக்கு மேல பார்த்தவங்க, தாங்கிக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் வைக்கும். அப்படிச் சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, அவரைத் தாங்க வைத்த மந்திரம் அது. அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து எடுப்பதுதான் பயிற்சியின் பாதி வேலை.

சண்டைக்குப் போனவர்களுக்குத்தானே இந்த ஆபத்து?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 39 லட்சம் படையினரின் பதிவுகளைப் பார்த்தது. போர்முனைக்கு அனுப்பப்பட்டதற்கும் தற்கொலைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. படையை விட்டு வெளியேறியதற்கும் தற்கொலைக்கும்தான் தொடர்பு தெரிந்தது. அதிலும் 4 ஆண்டுகூட முடிக்காமல் வெளியேறியவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையால் அனுப்பப்பட்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பிரிட்டனில் 1996 முதல் 2005 வரை படையை விட்டு வந்தவர்களை ஆராய்ந்தபோது, 24 வயதுக்குட்பட்ட ஆண்களின் ஆபத்து அதே வயதுப் பொதுமக்களைப் போல 2 முதல் 3 மடங்கு இருந்தது.

எனவே உங்கள் பட்டியலில் பதக்கம் வாங்கியவர்கள் மட்டும் இருந்தால், தேட வேண்டியவர்களை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். பயிற்சிக் காலத்திலேயே காயம்பட்டு அனுப்பப்பட்ட இளைஞன் எந்தச் சங்கக் கூட்டத்துக்கும் வரமாட்டான். "நான் என்ன செஞ்சுட்டேன், என்னைப் போய் படைவீரன்னு சொல்ல" என்று ஒதுங்கியிருப்பான். அவனைத் தேடிப் போக வேண்டும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு உதவும். நான் யாருக்கும் சொந்தமில்லை என்ற உணர்வு, நான் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு, இவை இரண்டும் சேரும்போது சாகும் ஆசை வருகிறது. வலி, மரணம் இரண்டின் மீதும் உள்ள இயல்பான பயம் தேய்ந்துபோயிருந்தால் அந்த ஆசை செயலாக மாறுகிறது. படை வாழ்க்கை மூன்றாவதை எல்லோருக்கும் கொஞ்சம் பழக்கிவிடுகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபின் தொடங்குகின்றன: காலையில் எழுப்ப ஆளில்லை, செய்ய வேலையில்லை, மனைவி சம்பாதிக்கிறார், பிள்ளைகள் இவரில்லாமலே வாழப் பழகிவிட்டார்கள். சக தன்னார்வலர் கைவைக்கக் கூடிய இடம் இந்த முதல் இரண்டுதான்.

யாரைச் சேர்க்கலாம், யாரை வேண்டாம் என்று சொல்லலாம்?

கேட்கத் தெரிந்தவரைச் சேருங்கள். கூட்டத்தில் அதிகம் பேசுபவர்தான் முதலில் கையைத் தூக்குவார். அவரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஒரு சின்னச் சோதனை போதும். உங்கள் கஷ்டம் எதையாவது 5 நிமிடம் சொல்லுங்கள். 5 நிமிடத்துக்குள் அவர் எத்தனை முறை அறிவுரை சொன்னார், எத்தனை முறை தன் கதைக்குத் தாவினார் என்று பாருங்கள்.

பதவியையும் கவனியுங்கள். கடைநிலைச் சிப்பாயாக இருந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரியிடம் மனம் திறப்பது அரிது. 20 ஆண்டு கழிந்தாலும் கால்கள் தாமாகவே நேராக நின்றுவிடும். அதிகாரி தன்னார்வலராக வரட்டும், ஆனால் அதிகாரிகளுக்கு. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்ற வேறுபாட்டை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தற்போது தானே கடுமையான குடிப்பழக்கத்திலோ மண முறிவுச் சண்டையிலோ இருப்பவரை இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் என்பதற்காகச் சேர்த்துக்கொள்வது அவருக்கும் கெடுதல்.

ஒரு காலத்தில் தானே தற்கொலைக்கு முயன்றவர் தன்னார்வலர் ஆகலாமா?

ஆகலாம், பலர் மிகச் சிறப்பாகச் செய்கிறார்கள். நிலைமை சீராகிப் போதிய காலம் கடந்திருக்க வேண்டும், அவருக்கென்று ஒரு மருத்துவரோ கவுன்சலரோ இருக்க வேண்டும், தன் கதையை எப்போது சொல்வது என்பதைவிட எப்போது சொல்லாமல் இருப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த முறையில் முயன்றார் என்ற விவரத்தை எவரிடமும் எந்நாளும் சொல்லக் கூடாது.

எத்தனை நாள் பயிற்சி? எந்தப் பாடத்திட்டம்?

பலவகை இருக்கின்றன. அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் "சேவ்" பயிற்சி மிகச் சுருக்கமானது: அறிகுறிகளைக் கவனி, கேள், அவர் படும் பாட்டை மறுக்காமல் ஏற்றுக்கொள், உதவி கிடைக்கும் இடத்துக்கு விரைந்து கொண்டுபோய்ச் சேர். பால் குவினெட் 1995இல் உருவாக்கிய "கியூ.பி.ஆர்." ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்: கேட்பது, இணங்க வைப்பது, அனுப்பி வைப்பது. கனடாவில் தோன்றிய "அசிஸ்ட்" 2 நாள் பட்டறை, பெரும்பகுதி நடித்துப் பார்க்கும் பயிற்சி.

சங்க உறுப்பினர், காவலாளி, ஓட்டுநர், ஓய்வூதிய அலுவலக ஊழியர் எல்லோருக்கும் ஒரு மணி நேர வகுப்பு நல்லது. ஆனால் "சக தன்னார்வலர்" என்று பெயர் கொடுத்து ஒருவரின் போன் எண்ணைப் பரப்பப் போகிறீர்கள் என்றால் 2 முழு நாளுக்குக் குறைந்து நடத்தாதீர்கள். வகுப்பு முடிந்த அன்று எல்லோருக்கும் தைரியம் பொங்கும், சில மாதங்களில் வடிந்துவிடும். இவ்வகைப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடி ஒத்திகை பார்ப்பது, ஆண்டுக்கொரு பெரிய பட்டறையைவிட நிற்கும்.

பாடத்தை நடத்தும்போது படக்காட்சியைக் குறையுங்கள். "நாளொன்றுக்கு 22 பேர்" என்ற சுவரொட்டியை ஒட்டாதீர்கள். அமெரிக்காவில் ஒரு நாளில் தற்கொலையால் இறக்கும் முன்னாள் படைவீரர்கள் இத்தனை பேர் என்று, அந்நாட்டுப் படைவீரர் நலத்துறையின் 2012ஆம் ஆண்டு அறிக்கை 21 மாநிலங்களின் தரவை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. பின்னர் அத்துறை விரிவான தரவோடு திருத்திவிட்டது, 2022க்கு அது சொல்லும் சராசரி 17.6. எண்ணின் சரிதவறு ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சுவரொட்டி "உன்னைப் போன்றவர்கள் போகும் வழி இதுதான்" என்று சொல்லாமல் சொல்கிறது.

"தற்கொலை" என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?

மாட்டோம். 2005இல் வெளியான ஆய்வொன்றில், நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை பற்றிக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டபின் வேதனை சற்றுக் குறைந்தே இருந்தது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வாயில் தானாக வருவது இது: "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "சேச்சே, அதெல்லாம் இல்லண்ணே." கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் தப்பித்த நிம்மதி. இதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: "தம்பி, இத்தனை நாளா தூக்கம் இல்லாம, யாரோடயும் ஒட்டாம இருக்கே. இப்படி இருக்கிறவங்க சிலருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்குத் தற்கொலை எண்ணம் வருதா?" முதல் வாக்கியத்தில் பார்த்ததைச் சொல்கிறோம். இரண்டாவதில் அது உனக்கு மட்டும் வரும் அவமானம் இல்லை என்கிறோம். மூன்றாவதில் சுற்றி வளைக்காமல் கேட்கிறோம். கேட்டபின் வாயை மூடிக்கொள்கிறோம். அந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம்.

மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒத்திகை பார்க்கச் செய்யுங்கள். ஒருவர் தன்னார்வலர், ஒருவர் படைவீரர், ஒருவர் கடிகாரத்தோடு பார்வையாளர். பார்வையாளர் இரண்டை மட்டும் குறிக்க வேண்டும்: கேள்வி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, கேட்டபின் வந்த மௌனத்தை உடைத்தது யார். முதல் சுற்றில் பெரும்பாலானோர் அந்தச் சொல்லை உச்சரிக்காமலே நேரத்தை ஓட்டிவிடுவார்கள். உச்சரித்தவர்களும் பதில் வருவதற்குள் "சும்மா கேட்டேன்" என்று வால் சேர்ப்பார்கள். பல சுற்றுக்குப் பிறகு குரல் நடுங்காமல் வரும். சண்டையில் ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டக் கை யோசிக்காதது எப்படி என்று இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்கும் அதே பழக்கம்தான்.

"ஆமா, வருது" என்று சொல்லிவிட்டால்?

முதல் பதில் "சொன்னது நல்லதாப் போச்சு". "பிள்ளைகளை நினைச்சுப் பாரு" வேண்டாம். அவர் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருப்பார், தான் இல்லாவிட்டால் அவர்களுக்கு நல்லது என்று. "கோழை" என்ற சொல் எந்த வடிவிலும் வரக் கூடாது.

பிறகு நிதானமாகச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது என்று ஏதும் மனதில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாரா. தற்கொலை ஆபத்தை அறிய அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான வினாத்தொகுப்பும் ஏறத்தாழ இப்படித்தான் போகிறது, மருத்துவர் அல்லாதவர்களும் பயன்படுத்த முடிகிறது. திட்டம், பொருள், நேரம் மூன்றும் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அவசர உதவி வரும்வரை கூடவே இருங்கள்.

இல்லையென்றாலும் காகிதத்தில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் முன்னாலேயே போனைப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, "நான் இன்னார், என் நண்பர் பக்கத்தில் இருக்கிறார், அவர் பேசுவார்" என்று தொடங்கிவையுங்கள். மருத்துவமனை என்றால் கூடப் போங்கள், காத்திருக்கும் பெஞ்சில் உட்காருங்கள். அன்று மாலையே கூப்பிட்டு எப்படிப் போச்சு என்று கேளுங்கள். பலர் கழன்றுகொள்வது ஒப்புக்கொண்ட நாளுக்கும் முதல் சந்திப்புக்கும் இடையில்தான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றால்?

சத்தியம் செய்யக் கூடாது. இந்த இடத்தில்தான் பட்டாளத்துப் பாசம் நம்மைக் கவிழ்க்கும். ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் விதியை நெருக்கடி வந்தபின் சொல்லாமல், முதல் பேச்சிலேயே சொல்லிவையுங்கள்: "நீ சொல்றது என்னோட இருக்கும். உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். யார்கிட்ட, எப்படின்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்." கடைசி வாக்கியம் முக்கியம். கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகத் தவிப்பவருக்கு ஒரு முடிவையாவது திருப்பிக் கொடுக்கிறது.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் நாடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்ற பயத்தில் வாயடைத்து நிற்பவரிடம் இதைச் சொல்லலாம்.

"இனி அப்படி யோசிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். அப்படி எழுதி வாங்குவது உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வாங்கியவருக்குத்தான் பொய்யான நிம்மதி. அதற்குப் பதிலாகப் பாதுகாப்புத் திட்டம் எழுத உதவுங்கள்.

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இருவர் வடிவமைத்த அந்தத் திட்டம் ஒரே தாளில் 6 படிகள். எண்ணம் கிளம்பப் போகிறது என்று எனக்கே தெரியும் அடையாளங்கள், தனியாக நானே செய்து மனதைத் திருப்பக்கூடியவை, கவனம் மாறப் போய் உட்காரக்கூடிய இடங்களும் ஆட்களும், வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் ஹெல்ப்லைன் எண்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. 2018இல் வெளியான ஆய்வில், அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் 9இன் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,640 பேரைக் கவனித்தார்கள். இந்தத் தாளோடு தொடர் தொலைபேசி விசாரிப்பும் கிடைத்தவர்களிடம், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடத் தற்கொலைச் செயல்கள் 6 மாதத்தில் 45 சதவீதம் குறைந்திருந்தன. மாத்திரை இல்லை, கருவி இல்லை. ஒரு தாள், சில போன் அழைப்புகள்.

எழுதும்போது பேனா அவர் கையில் இருக்கட்டும். "மன உளைச்சல் வரும்போது" என்று எழுதினால் தாள் செத்துவிடும். "ராத்திரி 2 மணிக்கு முழிச்சு, கூரையைப் பார்த்துக்கிட்டு, பழைய போட்டோவை எடுக்கப் போனா" என்று எழுதினால் அந்த 2 மணிக்கு அது அவருக்குத் தட்டுப்படும். முழுமையான மருத்துவத் திட்டத்தைப் பயிற்சி பெற்ற ஊழியர்தான் அவரோடு சேர்ந்து முடிக்க வேண்டும். தன்னார்வலர் அதற்கு முதல் வரைவு எழுதவும், அது சட்டைப்பையிலேயே இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்கவும் உதவலாம்.

ஆயுதத்தைப் பற்றிப் பேசினால் கோபம் வருகிறதே?

வரும். "உன் துப்பாக்கியைக் கொடு" என்பது படைவீரர் காதில் "உன்னை நம்பவில்லை" என்று விழுகிறது. ஆனாலும் பேசாமல் விடக் கூடாத விஷயம் இதுதான் என்பது எங்கள் கருத்து. நெருக்கடியின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கும் பொருளுக்கும் நடுவே தூரம் இருந்தால் ஆள் பிழைக்கிறார்.

இதற்குப் படையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் வீரர்கள் வார இறுதி விடுப்பில் ஆயுதத்தோடு வீட்டுக்குப் போவது வழக்கம். 2006இல் அதைப் பாசறையிலேயே விட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு வார இறுதியில்தான் தெரிந்தது. வார நாட்களில் கூடவில்லை, அதாவது யாரும் வேறு நாளுக்கு ஒத்திப்போடவில்லை.

பேச்சை உரிமையிலிருந்து விலக்கி, அவருக்குப் பழக்கமான பாதுகாப்பு ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். "உனக்கே தெரியும், தூக்கமில்லாதவன் காவலுக்கு நின்னா என்ன ஆகும்னு. இந்த மாசம் மட்டும் சாவி வேற கையில இருக்கட்டும்." நிரந்தரமாகக் கேட்டால் மறுப்பவர் குறிப்பிட்ட காலத்துக்கு என்றால் சம்மதிப்பார். யாரிடம், எங்கே வைப்பது என்பது அந்தந்த நாட்டு ஆயுதச் சட்டப்படிதான் நடக்க வேண்டும், தன்னார்வலர் தானே வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதமே இல்லாத வீடுகளில் இதே பேச்சு மிச்ச மாத்திரைகள், விஷப் பொருள்கள் பற்றியது.

குடித்திருக்கும்போது சொன்னால் பொருட்படுத்த வேண்டுமா?

நிதானத்தில் சொன்னதைவிட அதிகமாகவே. போதை தயக்கத்தைக் கரைத்துவிடுகிறது. அன்றைக்கு வாதம் வேண்டாம், தனியே விடாமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் தெளிந்தபின் மறுபடி நேரடியாகக் கேளுங்கள்.

எந்த அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்?

சாவதைப் பற்றிப் பேசுவது, பாரமாக இருக்கிறேன் என்பது, தூக்கம் கெடுவது, குடி கூடுவது, கணக்கு வழக்குகளைத் திடீரென முடிப்பது போன்றவை எல்லாப் பட்டியலிலும் இருக்கும். படைவீரர்களிடம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை: பதக்கங்களையும் சீருடையையும் யாருக்காவது கொடுத்துவிடுவது, பழைய கூட்டாளிகளை வரிசையாகக் கூப்பிட்டு மன்னிப்போ நன்றியோ சொல்வது, இறந்த தோழரின் நினைவு நாள் நெருங்கும்போது ஒடுங்குவது, நீண்ட கொந்தளிப்புக்குப் பின் காரணமில்லாமல் வரும் அமைதி. எந்த அறிகுறியும் காட்டாமல் போனவர்களும் உண்டு. ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கேட்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் ஒருவர் "எல்லோரும் நல்லா இருங்க" என்று போட்டால்?

குழுவிலேயே பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவர் உடனே போன் செய்ய வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் வசிப்பவரை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், மூன்றாமவர் அவசர எண்ணை அழைக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு, வேறு யாரோ பேசியிருப்பார்கள் என்று தூங்கிவிடுவார்கள். உறுப்பினர்களின் தற்போதைய முகவரியும் வீட்டில் ஒருவரின் எண்ணும் நிர்வாகியிடம் இருக்கட்டும்.

நெருக்கடி தணிந்த பிறகு வேலை முடிந்ததா?

இங்கேதான் தன்னார்வலரின் நீண்ட வேலை தொடங்குகிறது. ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 5 ஆண்டுகள் அவ்வப்போது சிறு கடிதம் அனுப்ப வைத்தார். நீங்கள் நலமா, விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்ற அளவுதான். எதையும் வற்புறுத்தவில்லை. முதல் 2 ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது.

உங்கள் குறுஞ்செய்தியும் அப்படி இருக்கட்டும். "மாத்திரை போட்டியா?" வேண்டாம். "ஞாபகம் வந்துச்சு, நல்லா இருக்கியா?" போதும். பதில் வராவிட்டாலும் அடுத்த மாதம் அனுப்புங்கள்.

பெண் படைவீரர்களுக்குத் தனியாக ஏதும் வேண்டுமா?

பெண் தன்னார்வலர்கள் வேண்டும், கேட்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். படைக்குள்ளேயே சக வீரரால் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சே குமட்டும். அவர் சங்கத்துக்கு வெளியே உள்ள கவுன்சலரை விரும்பினால் தடையின்றி வழிகாட்டுங்கள். ஆண்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் சொல்வது இன்னும் அரிது.

இவ்வளவும் செய்து ஒருவர் இறந்துவிட்டால்?

நடக்கக்கூடும், அதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் மூன்று வேலை. அவரோடு தொடர்பில் இருந்த தன்னார்வலரைத் தனியே விடாமல், அழைப்புப் பட்டியலிலிருந்து சிறிது காலம் விலக்கிவையுங்கள். என்ன தவறியது என்ற விசாரணைத் தொனியை யாரும் எடுக்கக் கூடாது. அதே அணியில், அதே பட்டாளத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், ஒரு மரணம் அடுத்தவரைத் தள்ளக்கூடும். இரங்கல் செய்தியில் எப்படி இறந்தார் என்ற விவரமோ "நிம்மதி அடைந்தார்" என்ற தொனியோ வேண்டாம். மற்ற தோழர்களுக்குக் கிடைக்கும் அதே மரியாதையை அவருக்கும் கொடுங்கள். முறையைப் பற்றி மௌனம், மனிதரைப் பற்றி நிறைய நினைவு.

தன்னார்வலர்களை யார் பார்த்துக்கொள்வது?

இதற்குப் பதில் இல்லாத குழு தொடங்கவே கூடாது. நெருக்கடி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பிறகு 24 மணி நேரத்துக்குள் தன்னார்வலர் தன் ஒருங்கிணைப்பாளரிடம் பேச வேண்டும். மாதமொருமுறை மனநல ஊழியர் ஒருவர் முன்னிலையில் கூட வேண்டும். ஒருவர் ஒரே சமயத்தில் தொடர்ந்து கவனிப்பது இரண்டு மூன்று பேரைத் தாண்டக் கூடாது. இரவில் போனை அணைக்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த நேரத்தில் எந்த எண்ணை அழைப்பது என்று கவனிக்கப்படுபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வெடுக்கச் சொன்னால் "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் தாங்குவேன்" என்பார். அந்தப் பழைய மந்திரம்தான். மற்றவரிடம் கேட்கப் பழகிய அதே கேள்வியை அப்போது அவரிடம் கேளுங்கள்.

பயிற்சி பலன் தருகிறதா என்று எப்படிக் கணக்கிடுவது?

இறப்பு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரு சங்க அளவில் அந்த எண் மிகச் சிறியது, ஓர் ஆண்டு கூடுவதும் குறைவதும் உங்கள் வேலையைப் பற்றி எதையும் சொல்லாது. எத்தனை பேரிடம் நேரடியாகக் கேட்கப்பட்டது, எத்தனை பேர் கூட்டிச்செல்லப்பட்டு முதல் சந்திப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள், 3 மாதம் கழித்தும் எத்தனை பேரோடு தொடர்பு இருக்கிறது, எத்தனை தன்னார்வலர்கள் ஓராண்டு தாண்டியும் நீடிக்கிறார்கள் என்பதை எழுதிவையுங்கள். பெயர் இல்லாமல். ஆஸ்திரேலியா 2021இல் படையினர் மற்றும் முன்னாள் படையினரின் தற்கொலை குறித்து அரச விசாரணை ஆணையம் அமைத்து, 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளைப் பெற்றது. அரசுகள் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, தன்னார்வலர் குழுவின் தலையில் அவை அனைத்தையும் கட்ட முடியாது.

மனைவி, கணவர், பெற்றோர் பயிற்சிக்கு வரலாமா?

வரலாம், ஆனால் தனி வகுப்பாக நடத்துங்கள். குடும்பத்தார் இருந்தால் படைவீரர்கள் ஒத்திகையில் வாய் திறக்க மாட்டார்கள், படைவீரர்கள் இருந்தால் குடும்பத்தார் வீட்டு உண்மையைச் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தாருக்கான வகுப்பில் பாதி நேரம் ஆயுதம், மருந்துகள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கும், மீதி நேரம் இரவில் யாரை எப்போது கூப்பிடுவது என்பதற்கும் போகட்டும். கூடவே, அவர்களுக்கென்று வேறொரு குடும்பத்து உறுப்பினரின் எண்ணையும் கொடுத்தனுப்புங்கள்.